ஆமை நோக்கிய திசை

நன்மை செய்வதற்கு நல்ல மனம் ஒன்றே போதுமா? இந்தக் கேள்வியை மேடைகளில் பலர் எழுப்பக் கேட்டிருக்கிறோம், நாமும் எழுப்பியிருக்கிறோம். எண்ணம் தூய்மையானதாக இருந்தால் செயலும் தூய்மையாகிவிடும் என்று விடையும் கூறியிருக்கிறோம். அந்த விடை பாதி விடையே என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. ஓர் அறிஞரும் அல்லர். இரு கைகளுக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் ஆமை.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மகனின் இல்லத்தில் ஒரு கோடைக்காலம் தங்கியிருந்தோம். துணைவியார் மறைந்தபின் ஊரில் தனித்திருந்த நம்மை, "இனி அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லி மகன் அழைத்துச் சென்றிருந்தான். வாஷிங்டன் நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், ஓக் மரக் காடுகளும் மக்காச்சோள வயல்களும் மாறி மாறி வரும் நாட்டுப்புறம் அது. வசதிக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலையில் பெய்த மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய வேளை. மகன் வண்டியை ஓட்ட, நாம் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். "வாப்பா, அங்கே பாருங்கள், ஆமை!" என்று கூறி அவன் வண்டியை ஓரங்கட்டினான். சாலையின் நடுவே கழுத்தை நீட்டியவாறு நின்றுகொண்டிருந்தது அது. கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போலக் குவிந்த மேலோடு. அதன் கரும்பழுப்பு நிறத்தின்மீது, தூரிகையை உதறியதுபோல் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோடுகளும் புள்ளிகளும். கண்கள் மாதுளை முத்தைப் போலச் சிவந்திருந்தன. நாம் குனிந்ததும் தலையும் கால்களும் உள்ளே மறைந்தன. அத்துடன் நிற்கவில்லை, அடிப்பக்கத்து ஓடு, கீல் வைத்த கதவைப் போல மேலெழுந்து, மேலோட்டோடு சேர்ந்து மூடிக்கொண்டது. ஊசி நுழையவும் இடமில்லை.

ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் அடக்கிக்கொள்வதைப் புலனடக்கத்திற்கு உவமையாக்கியது திருக்குறள். அந்த நினைவு நம்மைப் பரவசப்படுத்திற்று. கையில் எடுத்தோம். அது அசையவில்லை. ஊரில் பள்ளிவாசல் குளத்துப் படித்துறையில் ஆமைகள் தலை நீட்டி மறைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆமை என்றால் நீர். நீரைத் தொலைத்துவிட்டுத் தார்ச்சாலையில் தவிக்கிறது இந்த ஏழைப் பிராணி என்று முடிவு கட்டிவிட்டோம். வண்டியில் ஏற்றி, ஏறத்தாழ ஐந்து மைல் அப்பால் ஓர் ஆற்றங்கரையில் கொண்டு போய் இறக்கினோம். நெடுநேரம் அது ஓட்டைத் திறக்கவே இல்லை. திறந்தபோதும் நீரை நோக்கி நடக்கவில்லை; கரையேறிப் புல்லுக்குள் மறைந்தது. வெட்கப்படுகிறது போலும் என்று சொல்லிச் சிரித்தோம். ஓர் உயிரைக் காத்த மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

அன்று மாலை, வேலிக்கு அப்பால் நின்றிருந்த பக்கத்து வீட்டு முதியவரிடம் இந்தச் செய்தியைப் பெருமையுடன் கூறினோம். அவர் வாழ்நாள் முழுவதும் அந்த மண்ணில் வேளாண்மை செய்தவர். நாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது?"

நாம் மகனைப் பார்த்தோம். மகன் நம்மைப் பார்த்தான். ஓட்டின் நிறத்தைப் பார்த்திருந்தோம். கண்ணின் சிவப்பைப் பார்த்திருந்தோம். கீலைக் கண்டு வியந்திருந்தோம். அது எத்திசை நோக்கி நின்றது என்பதை மட்டும் இருவருமே பார்த்திருக்கவில்லை.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று பழைய விலங்கியல் கையேடு ஒன்றை எடுத்து வந்து காட்டினார். பெட்டியைப் போல் மூடிக்கொள்வதால் அதனை அந்நாட்டார் 'பாக்ஸ் டர்ட்டில்' என்கிறார்கள்; நாம் பெட்டி ஆமை என்று சொல்லலாம். நாம் கண்டது கிழக்குப் பெட்டி ஆமை. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே இந்த இனத்திற்கு அறிவியற்பெயர் சூட்டிவிட்டார். வளர்ந்த ஆமையின் ஓடு பொதுவாக 11 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பின்னங்கால்களில் பெரும்பாலும் நான்கு விரல்கள். மூன்று விரல்களே உடைய உறவினர் மேற்கிலும் தெற்கிலும் உண்டு. ஆணுக்குப் பெரும்பாலும் கண் சிவந்திருக்கும். அடி ஓட்டின் பின்பகுதி சற்றே குழிந்திருக்கும். பெண்ணுக்குக் கண் பழுப்பாகவும் அடி ஓடு தட்டையாகவும் இருப்பது வழக்கம். நாம் தூக்கிச் சென்றது ஆண் ஆமையாகவே இருக்க வேண்டும்.

இதில் நம்மை நாணச் செய்தது வேறொரு செய்தி. உருவத்தில் இது தரையில் வாழும் ஆமையைப் போன்றது. குடும்ப உறவிலோ குளத்து ஆமைகளைச் சேர்ந்தது. குளத்து ஆமைகளின் குடும்பத்தில் பிறந்தும், காட்டுத் தரையிலேயே வாழ்க்கை நடத்துவது. வெயில் மிகுந்தால் சேற்றிலும் தேங்கிய மழைநீரிலும் உடலை நனைத்துக்கொள்ளும். ஆயினும் ஆற்றில் நீந்தி வாழும் பிராணி அன்று. உதிர்ந்த இலைகளின் இடையே மண்புழுவும் நத்தையும் காளானும் தேடித் தின்னும். கனிகளைத் தின்று அவற்றின் விதைகளைப் பரப்பும். மழை ஓய்ந்த கோடைக் காலையில் வெளிவந்து நடமாடுவது அதன் இயல்பு. அப்படியானால் அது நீரைத் தொலைத்துவிட்டுத் தவிக்கவில்லை. தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தது! 'ஆமை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குரிய வாழ்க்கையை நாமே எழுதி, அந்த வாழ்க்கைக்குள் அதனை வலிந்து கொண்டு போய் விட்டிருக்கிறோம்.

இதைவிடப் பெரிய தவறும் நேர்ந்திருந்தது. அதே மேரிலாந்தில், பட்டுக்சென்ட் ஆய்வுக் காட்டில், 1944ஆம் ஆண்டு லூசில் ஸ்டிக்கல் என்னும் அம்மையார் இந்த ஆமைகளை ஆராயத் தொடங்கினார். ஆமையின் ஓட்டு விளிம்பில் சிறு வெட்டுக் குறிகள் இட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார். சிலவற்றின் முதுகில் நூற்கண்டைப் பொருத்தி, அவை நடக்க நடக்க அவிழும் நூலின் வழியே சென்று, அவற்றின் பாதையை அறிந்தார். 1950இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த ஓர் ஆமை வாழும் வட்டாரத்தின் குறுக்களவு சராசரியாக ஆணுக்கு 330 அடி, பெண்ணுக்கு 370 அடி. நம் ஊர்த் தெரு ஒன்றின் நீளம்கூட இல்லை! அந்தச் சிறு வட்டத்திற்குள் அதற்கு ஓர் உலகமே அடங்கிவிடுகிறது. எந்த மரத்தடியில் காளான் முளைக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், பனிக்காலத்தில் எந்த மண்ணுக்குள் புதைந்து உறங்கலாம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பல பத்தாண்டுகள் கழித்தும் அதே காட்டில் அதே இடத்தருகே மீண்டும் காணப்பட்ட ஆமைகள் உண்டு.

அந்த வட்டத்திலிருந்து பெயர்த்தெடுத்து வேற்றிடத்தில் விட்டால் பெட்டி ஆமை என்ன செய்யும்? பெரும்பாலும் அது அமைதி கொள்வதில்லை. பழைய இடத்தைத் தேடி அலைகிறது. அலையும்போது சாலைகளைக் கடக்கிறது, கடக்கும்போது நசுங்குகிறது. ஒரு சாலையிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணி, பல சாலைகளுக்கு நடுவே கொண்டு போய் விட்டிருக்கிறோம் என்பது அன்றிரவுதான் நமக்குப் புரிந்தது. மறுநாள் விடியற்காலையில் மகனை அழைத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்குச் சென்றோம். பனியில் நனைந்த புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். கிடைக்கவில்லை. அதற்குப் பின்னும் இருமுறை சென்றோம். கிடைக்கவே இல்லை.

இங்கேதான் முதலில் எழுப்பிய கேள்வி திரும்பி வருகிறது. நம் நிய்யத்து தூயது, அதில் ஐயமில்லை. ஓர் உயிரின்மீது கொண்ட இரக்கத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்த எண்ணத்திற்குரிய கூலி நமக்குக் கிடைக்கலாம். ஆனால் ஆமைக்குக் கிடைத்தது என்ன? நம் எண்ணத்தின் தூய்மை நம் கணக்கில் எழுதப்படும். நம் அறியாமையின் விளைவோ அதன் கணக்கில் அன்றோ விழுந்துவிட்டது! எண்ணம் செய்பவனைக் காக்கலாம். செய்யப்பட்டவனைக் காப்பதற்கு எண்ணம் மட்டும் போதாது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதனையும் எண்ணிப் பார்த்தோம். அறிந்த பின்னரே உதவ வேண்டும் என்றால், உலகில் உதவியே நடக்காது. கிணற்றில் விழுந்த குழந்தையைக் காண்பவன் நூலகத்திற்குச் சென்று திரும்ப வேண்டுமா? 'எனக்கு முழு விவரம் தெரியாது' என்பது சோம்பேறிகளுக்கும் கல்நெஞ்சர்களுக்கும் மிக வசதியான கேடயமல்லவா? அந்த ஆமையைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால் அடுத்த வண்டியின் சக்கரத்தில் அது நசுங்கியிருக்கக்கூடும். அறியாமல் உதவியதைவிட, அறியாமையைக் காட்டி ஒதுங்கியிருப்பது எவ்வகையில் மேல்?

மறுப்பு வலுவானதே. ஆயினும் முதியவரின் கேள்வியிலேயே அதற்கு விடையும் இருந்தது. சாலையில் பெட்டி ஆமையைக் கண்டால் செய்ய வேண்டியது என்ன என்று அவரிடம் கேட்டோம். "அது எந்தப் பக்கம் நோக்கிப் போகிறதோ, அந்தப் பக்கத்துச் சாலையோரத்தில் தூக்கி வைத்துவிட்டு உங்கள் வழியே போங்கள்" என்றார். அவ்வளவுதான்! இதற்கு விலங்கியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லின்னேயஸ் சூட்டிய பெயரும், பின்னங்காலின் விரல் எண்ணிக்கையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவையான அறிவு முழுவதும் நம் கண்ணெதிரே, அந்த நீட்டிய கழுத்திலேயே இருந்தது. அது எங்கே போக விரும்புகிறது என்பதை அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. நாமோ எங்கே அது போக வேண்டும் என்று தீர்ப்பளிப்பதில் முனைந்திருந்தோம். நம்மிடம் குறைந்திருந்தது நூலறிவன்று, கவனம். கிணற்றில் விழுந்த குழந்தையை உடனே தூக்குங்கள்; தூக்கிய பின், அதன் வீடு எது என்று கேளுங்கள். கேட்காமலே நம் வீட்டுக்குக் கொண்டு போவதுதான் பிழை.

நாம் தூக்கியவுடன் அது மூடிக்கொண்டதே, அதனை அடக்கம் என்று எண்ணிப் பாராட்டினோம். மௌனம் சம்மதம் என்று கொண்டோம். அது அடக்கமும் அன்று, சம்மதமும் அன்று, அச்சம். அதற்குத் தெரிந்த ஒரே மறுப்புச் சொல் அந்த மூடிய ஓடுதான். எளியவர்களின் மௌனத்தை வலியவர்கள் எத்தனை இடங்களில் இப்படியே பொருள் கொள்கிறார்கள்!

அடையாளம் காண்பதிலும் வகைகள் உண்டு என்பதை அந்தக் கோடையில் கற்றோம். அந்நாட்டு நாட்டுப்புறங்களில், பெட்டி ஆமையைக் கண்டவர்கள் அதன் அடி ஓட்டில் கத்தியால் தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் செதுக்கி விடும் பழக்கம் முற்காலத்தில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் வாழக்கூடிய பிராணி ஆதலால், பாட்டன் செதுக்கிய எழுத்தைப் பேரன் காண்பதும் நேரும். கேட்க இனிமையான செய்திதான். ஆனால் ஓடு என்பது ஆமை அணிந்திருக்கும் சட்டையன்று. அதன் உடலோடு ஒன்றிய எலும்பு. உயிருள்ள எலும்பின்மேல் தன் பெயரை எழுதியவர், 'நான் உன்னைக் கண்டேன்' என்று எழுதவில்லை. 'நீ என்னுடையவன்' என்றே எழுதினார். ஆய்வாளர் இட்ட விளிம்புக் குறி அத்தகையது அன்று. எண்ணி அறிவதற்காக மட்டும் இட்டது. இன்றைய ஆய்வாளர் பலருக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. ஓர் ஆமையின் ஓட்டிலுள்ள கோலம் இன்னொன்றுக்கு வாய்ப்பதில்லை; ஒரு புகைப்படமே போதும். படைக்கும்போதே அதன் முதுகில் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது வாசிப்பது மட்டுமே.

வாசிப்பதோடு நிற்காத கைகளால் விளைந்த கேடு சிறிதன்று. பார்த்தவர்க்கெல்லாம் பிடித்துவிடும் அழகு அதற்கு வாய்த்தது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. குழந்தைகளின் விளையாட்டுக்காகவும் வெளிநாட்டு வணிகத்திற்காகவும் அவை காடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கில் அள்ளப்பட்டன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் 1994ஆம் ஆண்டு எடுத்த முடிவால் பெட்டி ஆமைகளின் வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. வளர்ந்து இனப்பெருக்கம் செய்யவே அதற்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஒரு முறை இடும் முட்டைகளோ பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வரை. அவற்றிலும் பலவற்றை ரக்கூன் முதலிய விலங்குகள் தோண்டித் தின்றுவிடும். எனவே ஒரு வளர்ந்த ஆமையைத் தூக்கிச் செல்பவர் ஓர் ஆமையை மட்டும் தூக்கிச் செல்வதில்லை. இனி வர வேண்டிய பல ஆண்டுகளையும் தூக்கிச் செல்கிறார். அவர்களுள் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். ஆமையின்மீது அன்பு கொண்டவர்களே. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்மவர் சொல்வார்கள். வீடு உருப்படுகிறதோ இல்லையோ, மனிதனின் வீடு புகுந்த ஆமை உருப்படுவதில்லை.

ஆகஸ்டு மாதக் கடைசியில் மற்றொரு பெட்டி ஆமையைக் கண்டோம். வீட்டின் பின்புறக் காட்டோரத்தில், விழுந்து கிடந்த மரத்தடியில் அது காளானைத் தின்றுகொண்டிருந்தது. இம்முறை பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டோம். கண்கள் பழுப்பு, ஓடு முன்னதைவிட உயர்ந்து குவிந்திருந்தது, பெண் ஆமையாக இருக்கலாம். அடி ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் உறுதி செய்துகொள்ளலாம், புரட்டவில்லை. உறுதியின்றி விட்டுவிடுவதும் ஒரு மரியாதைதான் என்று தோன்றிற்று. அது ஒருமுறை தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தது. ஓடு மூடவில்லை. மீண்டும் காளானுக்குத் திரும்பிற்று. அரை மணி நேரம் அங்கே நின்றோம். பிறகு அது மெல்ல எழுந்து, பள்ளத்தின் பக்கமாக நடந்தது. வடக்கு நோக்கி நடந்தது என்பதை இம்முறை குறித்துக்கொண்டோம்.

அன்றிரவு உணவுக்குப் பின் மகன் பேச்சைத் தொடங்கினான். நாம் நிலையாக அங்கேயே தங்குவதற்கான தாள்களை அனுப்பலாமா என்பது அவன் கேள்வி. சில மாதங்களாகவே அவன் அதைப் பேசி வந்தான். நாமும் விடையேதும் சொல்லாமல் இருந்துவந்தோம். நம் மௌனத்தை அவன் சம்மதமாகக் கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல இயலாது. வாய் இல்லாத ஆமையே கழுத்தை நீட்டித் தன் திசையைக் காட்டிற்று; வாய் இருந்தும் நாம் நம் திசையைக் காட்டவில்லை. அன்பு வைத்தவர்களுக்குக் கேட்கும் கடமை உண்டென்றால், அன்பு வைக்கப்பட்டவர்களுக்குச் சொல்லும் கடமையும் உண்டு. அதனை அன்று உணர்ந்தோம், சொன்னோம். பள்ளிவாசல் குளமும், துணைவியார் அடங்கியிருக்கும் மண்ணும், நம் பெயர் சொல்லி அழைக்கும் நாலு வீடுகளும் அடங்கிய அந்தச் சிறிய வட்டத்தைப் பற்றிச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆமையை நாம் கேட்கவே இல்லையே, வாப்பா" என்றான்.

அக்டோபரில் ஊர் திரும்பினோம். மகன் ஆண்டுதோறும் வருகிறான்.

நம் பொறுப்பில் வந்து சேரும் ஒவ்வோர் உயிரும் ஓர் அமானிதம். நம் மனத்திற்கு நல்லதென்று தோன்றும் இடத்தில் அதனைக் கொண்டு சேர்த்துவிட்டால் அமானிதம் நிறைவேறிவிடாது; அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். வாய் உள்ளவர்களிடம் அந்த இடத்தைக் கேட்க வேண்டும்; வாய் இல்லாதவற்றிடம் பார்த்து அறிய வேண்டும். அந்தச் சிவந்த கண்களையுடைய ஆமை ஆற்றங்கரையிலிருந்து எங்கே போயிற்று என்பதை இனி அறிய வழியில்லை. உதவ எழும் ஒவ்வொரு முறையும் அது நம் நினைவில் வந்து நிற்கிறது. கழுத்தை நீட்டியவாறு, நாம் பார்க்கத் தவறிய அந்தத் திசையை நோக்கி.